வன்னியன் கையில் எந்த வாள்?



பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் விசுவமடுவைக் கடந்து செல்வோர் உடையார்கட்டு என்னும் ஊரை அடைவர். குளமும் வயலும் காட்டோரமும் சேர்ந்த ஊர். அவ்வூர்ப் பக்கத்தில், வன்னிநாட்டு வரலாறொன்றை வெளியரங்கில் நடித்துக் காட்ட விரும்பிய இளைஞர் சிலர் அண்மையில் என்னிடம் ஒரு வினாவை விடுத்தனர். "ஐயா, வன்னியன் வேடம் கட்டுகிறவருக்கு எந்த வாளைக் கொடுக்கலாம்?" என்பதே அவ்வினா.

கேட்பதற்குச் சிறிய வினா. உடுப்பு வாடகைக்குக் கொடுப்பவரிடம் சென்றால் வெள்ளிப் பூச்சுப் பூசிய, பிறைபோல் வளைந்த, பிடியிலே கண்ணாடிக் கற்கள் பதித்த வாளொன்று எப்போதும் ஆயத்தமாக இருக்கும். இராவணனுக்கும் அதுவே, அரிச்சந்திரனுக்கும் அதுவே, சங்கிலி மன்னனுக்கும் பண்டாரவன்னியனுக்கும் அதுவே. அரிச்சந்திரன் கையில் எந்த வாள் இருந்தாலும் எவரும் வழக்காடார். ஆயின், "இஃது எங்கள் மண்ணில் நடந்தது, இன்ன ஆண்டில் நடந்தது" என்று அறிவித்துவிட்டு நடிக்கும்போது நிலைமை வேறு. அங்கே உடையும் படைக்கலமும் மன்றில் ஏறிய சாட்சிகளைப் போன்றவை. ஒரு சாட்சி பொய் சொன்னால் மற்றச் சாட்சிகளின் மெய்யும் ஐயத்துக்குள்ளாகும். வன்னியின் வரலாறோ பல திசையிலிருந்தும் வழக்குக்கு இழுக்கப்படும் வரலாறு. ஆகவே இவ்விடயத்தில் அசட்டை கூடாது.

அவ்விளைஞர்களிடம் நான் திருப்பிக் கேட்டது, "எந்த ஆண்டு?" என்பதே. வன்னியன் என்ற பெயர் ஒருவரை மட்டும் குறிப்பதன்று. 13ஆம் நூற்றாண்டு தொடங்கி 19ஆம் நூற்றாண்டின் வாயில்வரை அடங்காப்பற்றின் பனங்காமத்திலும் முள்ளியவளையிலும் கரிக்கட்டுமூலையிலும் குறுநிலத் தலைவராய் வாழ்ந்தோர் பலர். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளுக்கும், அவர்களுக்குப் பின் போர்த்துக்கீசருக்கும் ஒல்லாந்தருக்கும் யானைகளைத் திறையாகக் கொடுத்தும் கொடாதும் அவர்கள் காலங்கழித்தனர். ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகள். அக்காலத்துள் வாளின் உருவம் ஒன்றாகவே இருந்ததில்லை. ஆண்டைத் தீர்மானித்தபின்னரே கொல்லனிடமோ தச்சனிடமோ போகவேண்டும்.

இடைக்காலத்தை முதலிற் பார்ப்போம். யாழ்ப்பாண அரசு தோன்றுவதற்கு முன்னரே வன்னியின் எல்லைப்புறங்களில் தமிழ்ப் போர்வீரர் வாழ்ந்தனர் என்பதற்குக் கல்லிலே சான்றுண்டு. ஐந்நூற்றுவர் எனப்பட்ட பெரு வணிகக் கணத்தாரின் தமிழ்க் கல்வெட்டுகள் பதவியாவிலும் வாகல்கடையிலும் கிடைத்துள்ளன. அக்கணத்தார் வெறும் பண்டமாற்று வணிகர் அல்லர். தம் சரக்கையும் தம் பட்டினங்களையும் காக்க எறிவீரர் முதலிய படைக்கலந் தாங்கிய கூட்டத்தாரை உடன் வைத்திருந்தனர். பொலன்னறுவையில் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புத்தரின் தந்தக் கோயிலைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர்களும் வேளைக்காரர் என்னும் படையினரே. அக்கரையில், சோழர் கல்வெட்டுகளிலே வாள்பெற்ற கைக்கோளர் என்றொரு படைப்பிரிவின் பெயர் வருகின்றது. வாளைப் பெற்றவர் என்பதே ஒரு சிறப்பு. எல்லாரும் வாள் பெறவில்லை என்பதும் அப்பெயரிலேயே அடங்கியிருக்கின்றது. இதற்குப் பின்னர் வருவேன்.

அவர்கள் பெற்ற வாள் எப்படியிருந்தது? கோயிற் சிற்பங்களைப் பார்த்து அறியலாம் என்பர். பார்க்கலாம், ஆயினும் எச்சரிக்கை வேண்டும். கொற்றவையின் கையிலுள்ள வாளைச் சிற்பி தெய்வத்தின் பெருமைக்கேற்பச் செதுக்குவான். அன்றியும், கல்லிலே மெல்லிய அலகைச் செதுக்கினால் அது முறிந்துவிடும். எனவே சிற்பத்தில் வாள் தடித்துக் காணப்படும். நடுகற்கள் இவ்வகையில் நமக்கு நல்ல துணை. தமிழ்நாட்டிலே செங்கத்தைச் சூழ்ந்த ஊர்களில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல உள்ளன. ஆநிரை மீட்பதில் இறந்த ஊர் வீரனை, அவனை அறிந்த ஊரவர் அங்கே கல்லில் நிறுத்தியுள்ளனர். பெரும்பாலும் ஒரு கையில் வில், மறு கையில் வாள். அவ்வாள் நேரானது, குறுகியது, நுனிப்பக்கத்திற் சற்றே அகன்று பின்னர் கூர்வது. பிடி எளிமையானது. வாடகை வாளிலுள்ள பிறைவளைவு அங்கே இல்லை.

தென்னாட்டில் வளைந்த அலகே இருக்கவில்லை என்று நான் கூறவில்லை. அரிவாளைப்போல உட்பக்கம் கூருடைய வளைவாள்கள் உண்டு. வெளிப்பக்கம் கூருடையதாய், குதிரைமீதிருந்து வீசுவதற்கேற்றதாய் அமைந்த வளைவாளோ துருக்கியர், மொகலாயர் வழியாகப் பிற்காலத்திற் பரவியது. 13ஆம், 14ஆம் நூற்றாண்டு வன்னித் தலைவன் கையில் அதைக் கொடுப்பது, அவன் இடுப்பிலே கைக்கடிகாரத்தைச் செருகுவதற்கு ஒப்பாகும். அவனுக்குரியது நேரான குறுவாள். பிடி உட்பட முக்கால் மீற்றர் நீளம் போதும். அதனினும் சிறிதாயினும் குற்றமில்லை.

இரும்பைப்பற்றி இங்கு சிறிது சொல்லாமற் போக மனமில்லை. ஈழத்து இரும்பின் புகழ் பெரிது. 9ஆம் நூற்றாண்டிலே பக்தாது நகரில் வாழ்ந்த அல்கிந்தி என்னும் அறிஞர் வாள்களின் வகைகளை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். அதிலே சரந்தீபு, அதாவது இலங்கை, உருக்குக்குப் பெயர்போன நாடுகளுள் ஒன்றாக வருகின்றது. அச்செய்தியைப் பலர் நெடுங்காலம் கதையென்றே எண்ணினர். 1990களில் சமனலவாவியை அண்டிய மலைச்சாரல்களில் அகழ்ந்த ஆராய்ச்சியாளர் கில் யூலெவ், மேற்கு நோக்கிய சரிவுகளில் வரிசை வரிசையாக உலைகளைக் கண்டார். தென்மேற்குப் பருவக்காற்றே அவ்வுலைகளுக்குத் துருத்தி. அவை 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டுவரையான காலத்தன. அவ்வாறே ஓர் உலை கட்டி, காற்றிலே எரித்து, உருக்குக் கிடைப்பதைக் காட்டினார். 1996இல் அச்செய்தி அறிவியல் உலகமெங்கும் பரவியது. இன்னொரு முறையும் இந்நாட்டில் இருந்தது. சிறிய மண் மூசையிலே இரும்பையும் மரத்துண்டுகளையும் இட்டு, வாயை மண்ணால் அடைத்து, நெடுநேரம் காய்ச்சி உருக்கெடுப்பது அம்முறை. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில், கண்டிநாட்டிலே அத்தொழில் அணையுந் தறுவாயில் எஞ்சியிருந்த நிலையைப் பதிவுசெய்துள்ளார். இவற்றை ஏன் கூறுகின்றேன் என்றால், இடைக்கால வாள் என்றதும் ஐரோப்பாவை மாத்திரமே நினைக்கும் பழக்கம் நம்மவரிடம் வளர்ந்துவிட்டது. நல்ல உருக்கு எங்கிருந்தோ நமக்கு வந்ததன்று. இங்கிருந்து போனதும் உண்டு.

அங்ஙனமாயின் அந்தப் பழைய வாள்களெல்லாம் எங்கே? ஈரக்காற்று ஒரு பகைவன். மனிதர் அதனினும் பெரிய பகைவர். ஆதிச்சநல்லூரிலே 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ அகழ்ந்தபோது தாழிகளோடு இரும்பு வாள்களும் கிடைத்தன. இறந்தவனோடு மண்ணுட் சென்றமையால் அவை தப்பின. மண்ணுக்கு மேலே இருந்தவற்றின் கதியைத் தஞ்சாவூர் சொல்லும். 1855இல் தஞ்சை மராட்டிய அரசு முடிவுற்றபின், அரண்மனைப் படைக்கலக் கொட்டிலில் இருந்தவற்றுள் ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. மிகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. நாயக்கர் காலத்து வாள்கள் எத்தனை அங்கே கடப்பாரையும் ஆணியுமாயினவோ! பாளையக்காரரை ஒடுக்கிய ஆங்கிலேயர் 1801இல் தென்பாண்டி நாட்டு மக்கள் படைக்கலம் வைத்திருப்பதையே தடைசெய்தனர். வீட்டுச் சுவரில் தலைமுறை தலைமுறையாகத் தொங்கிய வாள்கள் அன்று ஒப்படைக்கப்பட்டன அல்லது கிணற்றில் வீழ்ந்தன.

அடுத்து 1619. அவ்வாண்டிலே பிலிப்பு தெ ஒலிவேரா யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினான். இரண்டாம் சங்கிலி சிறைப்பட்டுக் கோவைக்குக் கொண்டுசெல்லப்பட்டான். அதற்கு முன்னர் 1560இலும் 1591இலும் போர்த்துக்கீசர் படையெடுத்திருந்தனர். இக்காலத்து வாளைப்பற்றி ஒரு வேடிக்கை உண்டு. பகைவன் கொண்டுவந்த அலகையே உள்நாட்டவரும் விரும்பினர். நீண்டு நேராய், இருபுறமும் கூருடையதாய் வந்த ஐரோப்பிய அலகுக்கு, இந்தியக் கொல்லர் தமது முறைப்படி பிடி அமைத்தனர். தக்கணத்தில் அதற்குப் பெயர் பிரங்கி. நமது பறங்கி என்ற சொல்லின் உடன்பிறப்பு. பீரங்கியும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததென்பர். சங்கிலியின் படைத்தலைவன் ஒருவன் பறங்கி அலகும் நம்நாட்டுப் பிடியும் சேர்ந்த வாளோடு பறங்கியரை எதிர்ப்பதாகக் காட்டினால் அது வரலாற்றுக்கு ஒத்ததே. பார்ப்போரில் ஒருவராவது "இதென்ன, வெள்ளைக்காரன் வாளா?" என்று கேட்பார். கேட்கட்டும். அக்கேள்விக்கு விடை சொல்வதற்காகவே இத்தகைய நடிப்புகள் உள்ளன.

இனி 1803. உடையார்கட்டு இளைஞரின் மனத்தில் உண்மையில் இருந்த ஆண்டு இதுவே. பண்டாரவன்னியனைத்தான் அவர்கள் நடிக்க எண்ணினர். அவ்வாண்டு ஓகத்து 25ஆம் நாள் அவன் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினான். ஒக்டோபர் 31ஆம் நாள் ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவிலே வொன் திரிபேர்க்கு என்னும் தளபதியிடம் தோல்வியுற்றான். ஆங்கிலேயர் அவ்விடத்தில் நாட்டிய கல்லிலும் அந்நாளையே பொறித்தனர். முல்லைமணி வே. சுப்பிரமணியம் அவர்கள் எழுதிய பண்டாரவன்னியன் நாடகத்தால் அவன் பெயர் வன்னி மேடைகளிலே நிலைத்தது. 1959இல் வீரபாண்டிய கட்டபொம்மன் திரைப்படம் வந்தபின், நம் மேடையில் ஏறும் வீரத் தலைவர்கள் யாவரும் மீசையாலும் நடையாலும் வாளாலும் அப்படத்தின் வழித்தோன்றல்களாகவே காட்சியளிக்கின்றனர் என்பது என் எண்ணம். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது 1799இல். ஆகவே இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தவர் என்பது உண்மையே. அதனால் வாளும் ஒன்றாகவேண்டும் என்பதில்லை.

1803 இடைக்காலமன்று என்பதை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும். துப்பாக்கியும் பீரங்கியும் போரை முடிவுசெய்த காலம் அது. கோட்டையைப் பிடித்தவன் வாளால் மட்டும் பிடித்ததாகக் காட்டினால் அவனுடைய போர்த்திறனைக் குறைத்துக் காட்டியவராவோம். அக்காலத் தலைவனுக்கு வாள் இரண்டு பயன்களை உடையது. ஒன்று, கைகலப்பில் இறுதித் துணை. மற்றையது, பதவியின் அடையாளம். இவ்விரண்டாவது பயனே நம்மைக் கஸ்தானவிடம் கொண்டுசெல்கின்றது.

கஸ்தான என்பது சிங்கத்தலைப் பிடியுடைய குறுவாள். அலகு ஒருபுறம் கூருடையது, சிறிதே வளைந்தது. கைக்காப்பின் முனைகளிலும் சிறிய விலங்குத் தலைகள் நெளியும். நாட்டின் தேசியக் கொடியிலுள்ள சிங்கம் ஏந்தியிருப்பதும் இவ்வினத்து வாளே. கண்டி மன்னர் பிரதானிகளுக்கு இதனை வழங்கினர். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் தம்மிடம் பணிபுரிந்த முதலியார்களுக்கு வாள் வழங்கும் அவ்வழக்கத்தைத் தொடர்ந்தனர். ஒல்லாந்தர் 1765இல் கண்டியிற் கொள்ளையிட்டுச் சென்ற பொருள்களுள் பொன்னாலும் வெள்ளியாலும் அணிசெய்த இரு கஸ்தான வாள்கள் இருந்தன. அவை அம்சுத்தர்தாம் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்து, 2023ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சிறு பீரங்கி முதலியவற்றோடு கொழும்புக்குத் திரும்பி வந்தன.

பண்டாரவன்னியன் கையில் கஸ்தான இருக்கலாமா என்று கேட்டபோது, அவ்விளைஞருள் ஒருவர் முகஞ்சுளித்தார். "சிங்க முகம் இருக்கிறதே, ஐயா" என்றார். அவருடைய மனத்தாங்கல் எனக்கு விளங்காமலில்லை. ஆயினும் 1803இல் கண்டி அரசனும் ஆங்கிலேயரோடு போரிட்டுக்கொண்டிருந்தான். வன்னியன் கண்டியின் ஆதரவோடே முல்லைத்தீவின்மீது சென்றான். கண்டியில் அப்போது அரசிருந்தவனோ தமிழ் பேசும் நாயக்கர் குலத்தவன். அத்தகைய அரசன் நட்புத் தலைவன் ஒருவனுக்கு வாள் கொடுத்தான் என்று நாடக ஆசிரியர் அமைத்தால், அக்கற்பனை காலத்துக்கு முரணாகாது. இன்றைய மனக்கசப்பை 1803இன் இடுப்பிலே கட்டிவிடுதல்தான் முரண். கஸ்தான வேண்டாமென்றால், தட்டுப்போன்ற வட்டமுடி அமைந்த பிடியுடைய, தல்வார் எனப்படும் வளைவாள் பொருந்தும். அக்காலத் தென்னிந்தியாவில் அது பரவலாக வழங்கியது. 1803க்கு வளைவாள் பொருந்தும், 1303க்குப் பொருந்தாது. வாடகை வாளின் கண்ணாடிக் கற்கள் இரண்டுக்குமே பொருந்தா.

வாள் யார் யார்க்கு என்பது அடுத்த வினா. வாள்பெற்ற கைக்கோளர் என்ற பெயரை இங்கே நினைவுகூருங்கள். வாள் ஒன்றுக்கு வேண்டிய இரும்பும் உழைப்பும் மிகுதி. அதே இரும்பில் பல ஈட்டிமுனைகள் அடிக்கலாம். ஆகவே உலகெங்கும் இடைக்காலப் படையின் பெரும்பான்மையோர் ஈட்டியும் வில்லும் தாங்கினர். நம் மேடையிலோ தலைவன் முதல் பந்தம் பிடிப்போன்வரை எல்லார் கையிலும் வாள். பத்துப் பேர் படையாய் வந்தால் இருவர்க்கு வாள் போதும். மற்றையோர் ஈட்டியும் வில்லும், காடு வெட்டுங் கத்தியும் கோடரியும் கொண்டு வரட்டும். வன்னியான் காட்டோடு வாழ்ந்தவன். அவன் கையில் காட்டுக்கத்தி வாளினும் இயல்பாக இருக்கும். செலவும் குறையும். கேடகத்தை மறவாதீர்கள். நடிகரின் முகத்தை மறைக்கின்றதென்று அதனை நீக்கிவிடுகிறார்கள். இடக்கையில் கேடகமின்றி வாளெடுத்தவன் பழைய போரிலே நெடுநேரம் நின்றிரான்.

எடையைப்பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. பழைய வாளைத் தூக்கவே இருவர் வேண்டும் என்பது ஒன்று. ஐரோப்பிய இடைக்கால வாள்களை வகைப்படுத்தி 1960களில் நூல்கள் எழுதிய எவாட்டு ஓக்சொட்டு முதலியோர் உண்மையான வாள்களைக் கையிலெடுத்துப் பார்த்தவர்கள். ஒருகை வாள் பெரும்பாலும் ஒரு கிலோவுக்கும் ஒன்றரைக் கிலோவுக்கும் இடைப்பட்டது. மற்றையது திரைப்படம் தந்த எண்ணம். 1958இல் வெளிவந்த நாடோடி மன்னனை நம் தந்தையர் எத்தனை முறை பார்த்திருப்பர்! அதன் வாட்போரை நானும் விரும்பிப் பார்ப்பவன். ஆயின் அப்படங்களில் மெல்லிய வாள்கள் ஒன்றோடொன்று இடைவிடாது மோதி ஒலிப்பது மேலைநாட்டு வாள்விளையாட்டின் வழிவந்த முறை. வட்டமுடிப் பிடியுடைய வாளைப் பிடித்துப் பாருங்கள்: உள்ளங்கை இறுகப் பொருந்தும், மணிக்கட்டு அதிகம் திரும்பாது. ஆகவே வெட்டு தோளிலிருந்து வரும். அலகு இழுத்துச் செல்லும். பகைவன் வெட்டைத் தடுப்பது கேடகம். இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டாலே மேடைப் போரின் தோற்றம் மாறிவிடும். கனத்தை உணர்வதற்கு, ஒரு லீற்றர் நீர் நிறைந்த போத்தலைக் கையில் ஏந்திப் பத்து நிமிடம் பயிலட்டும். அது ஏறக்குறைய ஒரு கிலோ. பின்னர் மரவாளை எடுத்தாலும் கை அதே கனத்தோடு அசையும்.

மரவாள் என்றேன். இரும்பு வேண்டாமா என்று அவ்விளைஞரும் கேட்டனர். போலந்து நாட்டில் 1410ஆம் ஆண்டுக் குருன்வால்டு போரை ஆண்டுதோறும் யூலை மாதத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு நடித்துக் காட்டுகின்றனர். அவர்கள் கையில் இரும்பு வாளே. கூர் எடுக்கப்பட்டு, நுனி உருட்டப்பட்டு, விளிம்பு குறைந்தது 2 மில்லிமீற்றர் தடிப்பாக்கப்பட்ட வாள். தலையிலும் கையிலும் கவசம் உண்டு; வாட்களைச் சோதிப்போரும் உண்டு. அத்தனையும் இருந்தும் அங்கே காயங்கள் நேர்கின்றன. நம் மேடைகளிலே கவசமும் இல்லை, சோதிப்பாரும் இல்லை; அலகின் அடி பிடிக்குள் ஓரங்குலமே சென்று நிற்கும் வாள்கள் உண்டு. வீசும்போது அலகு பிடியிலிருந்து கழன்றால், அது போய் விழுமிடம் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுவர் நடுவே.

இன்னொரு காரணமும் உண்டு. 2009 சனவரியிலே பாதுகாப்பு வலயமென அறிவிக்கப்பட்ட நிலப்பரப்பினுள் உடையார்கட்டும் அடங்கியிருந்தது. அவ்வலயத்தினுள் எறிகணைகள் வீழ்ந்து மக்கள் மாண்டமையை 2011இல் வெளிவந்த ஐக்கிய நாடுகள் நிபுணர் குழுவின் அறிக்கை கூறுகின்றது. அவ்வூரில் நாடகம் பார்க்க வந்திருக்கும் பெற்றோர் அதனை அறிக்கையிலிருந்து அறிந்தவரல்லர். அதற்குப் பின்வந்த ஆண்டுகளிலே வடக்கின் செய்தித்தாள்களில் வாள்வெட்டு என்னும் சொல் அடிக்கடி வருவதாயிற்று. பாட்டன்மார் புராணப் படிப்பிற் கேட்ட வாள் என்ற சொல்லைப் பேரப்பிள்ளைகள் வைத்தியசாலைச் செய்தியிலே கேட்கின்றனர். அத்தகைய அவையின்முன் ஓர் இளைஞன் கையில் பளபளக்கும் இரும்பு அலகைக் கொடுப்பதற்குமுன் ஒருமுறை நின்று எண்ணவேண்டும் என்றேன். அவர்கள் வாதாடவில்லை.

வன்னியின் சொந்தக் கலைமரபிலே பெரிதும் நினைக்கப்படும் வாள் எது என்பதையும் அவர்களுக்கு நினைவூட்டினேன். முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்தை அறியாதார் அங்கே இலர். வற்றாப்பளைக் கண்ணகியம்மன் கோயிலைச் சூழ்ந்த பண்பாடு அது. அதிலே வரும் வாள் வீரனுடைய வாளன்று. குற்றமற்ற கோவலனை வெட்டிய வாள். அவ்வாள் ஓங்கப்படும்போது பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நான் கண்டிருக்கின்றேன். அந்த வாள் எப்போதும் மரவாளே. அழுகைக்கு இரும்பு தேவைப்படவில்லை.

ஆகவே வடிவத்திலே வரலாறும், பொருளிலே மரமும் என்று முடிவாயிற்று. தச்சருக்குச் சில சொற்கள். ஒன்றோடொன்று மோதும் வாளுக்கு நார் நேராக ஓடும், சிம்பு தெறிக்காத மரம் வேண்டும். கணுவுள்ள துண்டைத் தள்ளிவிடுங்கள். பிடியும் அலகும் ஒரே மரத்தில் அமையட்டும், ஒட்டு வேண்டாம். விளிம்பு சிறுவிரல் தடிப்புக்குக் குறையாதிருக்கட்டும், நுனியை உருட்டிவிடுங்கள். வெள்ளித்தாள் ஒட்டினால் விளக்கொளியில் கண்ணைப் பறிக்கும். உண்மையான பழைய அலகு அவ்வாறு மின்னாது. கரியும் எண்ணெயும் கலந்து தேய்த்து, அதன்மேல் சிறிது ஈயச்சாம்பல் நிறம் பூசினால் பத்தடி தூரத்தில் இரும்பாகவே தோன்றும். உறையையும் செய்யுங்கள். உறையில்லாத வாளோடு அரசவையில் உலாவும் தலைவனைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வருகின்றது; உண்மையில் வாள் பெரும்பாலான நேரம் உறையிலேயே இருந்தது. பழைய இலக்கண நூலார் வாள்நாட்கோள் என்றொரு துறை வகுத்தனர். மன்னன் தான் புறப்பட இயலாதபோது நல்ல நாளிலே தன் வாளை முன்னே அனுப்புவான். உறையோடு ஒரு வாளைத் தட்டிலே வைத்து நால்வர் ஏந்திச் செல்லும் அக்காட்சியை மேடையில் அமைத்துப் பாருங்கள். பத்து நிமிட வாட்சண்டையினும் அது நன்றாயிருக்கும்.

ஒத்திகை முடிந்ததும் வாள்களை எண்ணி ஒருவர் பொறுப்பிலே பூட்டிவைக்கவேண்டும். மரவாளாயினும் பேருந்திலே திறந்த கையில் கொண்டு செல்லலாகாது, துணியிற் சுற்றுக. நிகழ்ச்சிக்கு முன்னர் அண்மையிலுள்ள பொலிஸ் நிலையத்துக்குப் பாடசாலையோ சனசமூக நிலையமோ ஒரு கடிதம் கொடுத்துவைப்பது நன்று.

கொழும்பு செல்லும் வாய்ப்புடையோர் 1877இல் நிறுவப்பட்ட தேசிய அருங்காட்சியகத்தில் கஸ்தான வாள்களை நேரே பார்க்கலாம். பிடியின் நீளம், அலகின் அகலம், காப்பின் வளைவு ஆகியவற்றை ஒரு தாளில் வரைந்துகொண்டு வரட்டும். படத்தை மட்டும் பார்த்துச் செய்தால் பிடி எப்போதும் பெரிதாகிவிடுகின்றது. பழைய பிடிகள் சிறியவை.

கடைசியாக ஒன்று. குளக்கட்டைத் திருத்தும்போதோ வயலை உழும்போதோ பழைய வாள் கிடைத்தால் அதனைத் துலக்கி மேடைக்குக் கொண்டுவரலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் இருக்கின்றது. தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும். துருவைச் சுரண்டினால் அதற்குள் எஞ்சியிருக்கும் அலகின் வடிவமும் உடன் போய்விடும். அன்றியும், வன்னி மண்ணில் இன்னதென்று அறியாத இரும்பைக் கையால் தொடாதிருப்பதற்குக் காரணம் வேறும் உண்டு. அதனை உடையார்கட்டாருக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.